முசல்லாவில் மூத்திரம்: பூனையின் குற்றமா, நோயா?

எங்கள் வீடுகளில் பூனையைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. குசினி வாசலில் சுருண்டு கிடக்கும் வரைக்கும் அது "நபிக்குப் பிரியமான பிராணி". பொரித்து வைத்த மீனில் வாய் வைத்தாலும் ஏசிவிட்டு விட்டுவிடுவோம். அதே பூனை ஒருநாள் முசல்லாவில் மூத்திரம் பெய்துவிட்டால் பேச்சு மாறிவிடும். "மகன், இனி இது வீட்டுல இருக்கப்படாது. சாக்குல போட்டு மார்க்கட் பக்கம் உட்டுட்டு வாங்க" என்று உம்மா சொல்லிவிடுவார். அத்தோடு கதை முடிந்தது.

தொழுகிற வீட்டில் மூத்திரம் சின்ன விஷயம் அல்ல. உம்மாவின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஈரத்தைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இத்தனை நாள் ஒழுங்காகத் தோட்டத்து மண்ணில் போய்ப் புதைத்துவிட்டு வந்த பூனைக்கு இன்று என்ன நடந்தது? பூனையின் உடலைப் பற்றி இன்று தெரிந்தவற்றை வைத்துப் பார்த்தால், அந்த இடம் மாறிய மூத்திரம் பல நேரங்களில் நோயின் முதல் அறிகுறி. சில கடுவன் பூனைகளுக்கு அதுவே கடைசி அறிகுறியும் ஆகிவிடுகிறது. சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடப்படும் பூனைகளில் வைத்தியம் செய்தால் பிழைத்திருக்கக்கூடியவையும் உண்டு.

வஹகோட்டை, கலேவெலைப் பக்கத்து வீடுகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். மிருக வைத்தியர் அடுத்த தெருவில் இல்லாத ஊர்களில் எதை வீட்டிலேயே பார்க்கலாம், எதற்கு ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மார்க்கம் எதை அசுத்தம் என்றது?

முதலில் நம் பக்கத்துக் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். "பூனை நஜீஸ் இல்லை" என்று பொதுவாகச் சொல்கிறோம். அதன் ஆதாரம் அபூகதாதா (ரழி) அவர்களின் செய்தி. அவர்கள் வுழூ செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற கப்ஷா பின்த் கஅப் ஆச்சரியத்தோடு பார்த்தபோது, பூனை அசுத்தமல்ல, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் பிராணி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார்கள். முவத்தா, அபூதாவூத், திர்மிதி, நஸாஈ ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி வருகிறது.

இது பூனையின் உடலையும் அதன் வாய் பட்ட தண்ணீரையும் பற்றியது. அதன் மூத்திரமும் மலமும் வேறு விஷயம். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அவை நஜீஸ்தான். உடையிலோ தொழும் இடத்திலோ பட்டால் கழுவ வேண்டும். எனவே உம்மா சொல்வதும் சரி, பூனையைத் தடவிவிட்டுத் தொழலாம் என்று பிள்ளை சொல்வதும் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முஅஸ்ஸா என்றொரு பூனை நபியவர்களின் சட்டைக் கையில் தூங்கியது, அதை எழுப்பாமல் கையை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்று ஒரு கதை பரவலாக இருக்கிறது. நம்பத்தகுந்த ஹதீஸ் தொகுப்புகளில் அது இல்லை. அதே போன்ற சம்பவம் ஒன்று ரிபாஈ தரீக்காவின் ஷெய்கு அஹ்மத் அர்-ரிபாஈ (ரஹ்) அவர்களின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. பூனை மீது இரக்கம் காட்ட அந்தக் கதை நமக்குத் தேவையும் இல்லை. பூனையைக் கட்டிவைத்து, தீனியும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் பொறுப்பில் இருக்கும் உயிரின் கஷ்டத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

பாலைநிலத்து உடம்பு

பூனைக்கு ஏன் மூத்திரப் பிரச்சினை அடிக்கடி வருகிறது? அதன் பூர்வீகத்தைப் பார்த்தால் விளங்கும். இன்றைய வீட்டுப் பூனைகளின் மூதாதை, ஈராக், சிரியா, துருக்கி, பலஸ்தீன் பக்கத்து வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை என்பதை 2007 இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. தானியக் களஞ்சியத்துக்கு எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. அங்கே தண்ணீர் அரிது. பிடித்துத் தின்ற எலி, குருவியின் உடம்பில் இருந்த நீரே அதற்குப் பெரும்பாலும் போதுமாக இருந்தது.

அந்த உடம்பைத்தான் இன்றைக்கும் நம் வீட்டுப் பூனை வைத்திருக்கிறது. அதற்குத் தாகம் குறைவு. சிறுநீரகம் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூத்திரத்தை மிகவும் செறிவாக வெளியேற்றும். அந்த நெடி அதனால்தான். எலி, மீன், இறைச்சி தின்னும் வரை இது சிக்கலில்லை. அவற்றில் 100க்கு 70 பங்குக்கு மேல் தண்ணீர். பக்கட்டில் வரும் உலர் தீனியில் 10 பங்கு அளவுதான். அதை மட்டும் தின்று, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பூனையின் மூத்திரம் மேலும் தடிக்கும். தடித்த மூத்திரத்தில் உப்புகள் படிகமாகத் திரள்வது எளிது.

மூத்திரப் பையில் என்ன நடக்கிறது?

அடையாளங்கள் எந்த நோய்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அடிக்கடி குந்தும், சொட்டுச் சொட்டாகப் போகும், சிவந்திருக்கும், போகும்போது கத்தும், பின்பக்கத்தை விடாமல் நக்கும், கண்ட இடத்தில் பெய்யும். காரணம் பல:

முதலாவது, கிருமியில்லாத மூத்திரப்பை அழற்சி. இளம் வயது, நடுவயதுப் பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இதுதான். கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. ஆனால் பையின் உட்சுவர் புண்ணாகி இரத்தம் கசியும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற மிருக வைத்தியரும் அவரது குழுவினரும் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தார்கள். பயமும் நெருக்கடியும் இந்த நோயைக் கிளப்புகின்றன என்பதை அவர்கள் காட்டினார்கள். தீனி வைக்கும் நேரம், பார்த்துக்கொள்ளும் ஆள் போன்றவை திடீரென மாறும்போது, நோயில்லாத பூனைகள்கூடத் தீனியை விட்டன, பேசினுக்கு வெளியே போயின.

இரண்டாவது, கல். இதில் முக்கியமானவை இரண்டு வகை: ஸ்ட்ரூவைட், கல்சியம் ஒக்ஸலேட். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கற்களைச் சோதிக்கும் நிலையம் 1981 இல் தொடங்கியபோது, வந்த பூனைக் கற்களில் பெரும்பங்கு ஸ்ட்ரூவைட். தீனிக் கம்பனிகள் மக்னீசியத்தைக் குறைத்து, மூத்திரம் புளிப்புத் தன்மை அடையும்படி தீனியை மாற்றின. ஸ்ட்ரூவைட் குறைந்தது, ஒக்ஸலேட் கூடியது. ஸ்ட்ரூவைட்டை விசேட தீனியால் கரைக்கலாம். ஒக்ஸலேட் கரையாது, சத்திரசிகிச்சைதான் வழி. எந்தக் கல் என்று தெரியாமல் "கல் கரைக்கிற மருந்து" கொடுப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, அடைப்பு. சளி போன்ற பொருளும் படிகங்களும் சேர்ந்து மூத்திரக் குழாயை அடைத்துக்கொள்ளும். கடுவனின் குழாய் நுனிப்பக்கம் மிக ஒடுங்கியது. ஆகவே இது பெரும்பாலும் கடுவனுக்கே வரும்.

நான்காவது, கிருமித் தொற்று. மனிதருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது சாதாரணம் என்பதால் பூனைக்கும் அதுவே என்று நினைத்துவிடுகிறோம். இளம் பூனைகளில் இது மிகக் குறைவு. 10 வயதைத் தாண்டிய பூனைகளில்தான் கூடுதலாகக் காணப்படும். அந்த வயதில் சிறுநீரக நோய், சீனி வியாதி ஆகியவையும் சேரும். நிறையத் தண்ணீர் குடித்து நிறையப் பெய்யும்.

இங்கே கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. முதலாவதாகச் சொன்ன அழற்சி பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தானாகவே அடங்கிவிடும். பிறகு திரும்ப வரும். அந்த ஒரு கிழமையில் என்ன கொடுத்தாலும் அது வேலை செய்தது போலத் தெரியும். "அன்டிபயோட்டிக் குடுத்தன், சுகமாயிட்டு", "கசாயம் பருக்கினன், சரியாயிட்டு" என்று நாம் சொல்வதில் பல அந்த வகை. அடுத்த முறை வருவது அடைப்பாக இருந்தால் அதே கசாயம் காப்பாற்றாது.

கடுவன் முக்கினால்

இந்தக் கட்டுரையில் ஒரு பந்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கடுவன் பூனை திரும்பத் திரும்பக் குந்தி முக்குகிறது, ஒன்றும் வருவதில்லை அல்லது ஒரு சொட்டுத்தான் வருகிறது என்றால், அன்றைக்கே, அந்த நேரமே வைத்தியரிடம் போக வேண்டும். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்துவிடுகிறார்கள். குந்தும் விதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மூத்திரம் போன ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதே வித்தியாசம் அறியும் வழி.

குழாய் அடைபட்டால் பை ஊதிக் கல்லாகும். சிறுநீரகம் வேலை செய்ய முடியாமல் கழிவு இரத்தத்தில் தேங்கும். பொட்டாசியம் ஏறும், அது இதயத்தின் துடிப்பைக் குலைக்கும். பூனை முதலில் கத்தும், ஒளிந்துகொள்ளும், தின்னாது. பிறகு சத்தி எடுக்கும், சோர்ந்து விழும், உடம்பு குளிரும். முழு அடைப்பு விழுந்து இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிர் போய்விடலாம். கத்தல் நின்றுவிட்டது, அமைதியாகப் படுத்திருக்கிறது என்று ஆறுதல் அடையாதீர்கள். அது சுகமாகவில்லை, கத்துவதற்குச் சக்தி தீர்ந்துவிட்டது.

வைத்தியர் செய்வது என்ன? மயக்கம் கொடுத்து மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி அடைப்பை நீக்குவார். சேலைன் ஏற்றி இரத்தத்தைச் சீராக்குவார். குழாயோடு ஓரிரு நாள் வைத்திருக்க நேரலாம். கல்லா என்று பார்க்க எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுப்பார். திரும்பத் திரும்ப அடைபடும் கடுவனுக்கு ஒடுங்கிய நுனிப் பகுதியை நீக்கி வழியை அகலமாக்கும் சத்திரசிகிச்சையும் உண்டு. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த பூனைகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

வீட்டு வைத்தியத்தில் ஆபத்தானவை

மனிதருக்கு மூத்திரக் கடுப்பு என்றால் நாம் செவ்விளநீர் குடிக்கிறோம், பொல்பலா அவித்துக் குடிக்கிறோம். அடைபட்ட பூனைக்கு இவை இரண்டும் கெடுதி. செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம். அந்தப் பூனையைக் கொல்வதும் ஏறிப்போன பொட்டாசியம்தான். பொல்பலா மூத்திரத்தைக் கூட்டும். வாசல் மூடிக்கிடக்கும்போது உள்ளே கூட்டினால் அமுக்கம் ஏறுமே தவிர வழி திறக்காது. வயிற்றை அமுக்கி மூத்திரத்தை எடுக்கப் பார்ப்பதும் கூடாது. ஊதிய பை வெடிக்கலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்து பனடோல். "வலியில கத்துது, கால் பனடோல் குடுப்பம்" என்று இரக்கப்பட்டுக் கொடுக்கிறோம். பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதன் துண்டும் நஞ்சுதான். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும். முரசு நீலமாகும், முகம் வீங்கும். அஸ்பிரின், புரூபன் ஆகியவற்றையும் நாமாகக் கொடுக்கக்கூடாது.

வலியில் இருக்கும் பூனை வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனையாலும் விசர்நோய் பரவும்.

எங்கே கொண்டு போவது?

பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகம் மாட்டுக்கும் கோழிக்கும் மட்டுமானதென்று பலர் நினைக்கிறார்கள். பூனையைப் பற்றியும் அங்கே கேட்கலாம். ஆனால் அடைப்பு எடுக்கும் வசதி எல்லா அலுவலகத்திலும் இராது. முதலில் தொலைபேசியில் "கடுவன் பூனை, மூத்திரம் அடைச்சிருக்கு, குழாய் போட ஏலுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். ஏலாதென்றால் எங்கே அனுப்புவார்கள் என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் மிருக வைத்தியர்கள் தம்புள்ளை, மாத்தளை, கண்டி போன்ற நகரங்களில் இருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துக்குப் போதனா வைத்தியசாலை ஒன்று உண்டு. வஹகோட்டையிலிருந்து மாத்தளை, கண்டி கடந்து போக வேண்டிய பயணம் அது. அதனால்தான் இருட்டும் வரை பார்த்துவிட்டு முடிவெடுக்கக்கூடாது என்கிறோம்.

பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு திரீவீலில் ஏறாதீர்கள். காற்றுத் துளை போட்ட கார்ட்போட் பெட்டி அல்லது மூடியுள்ள கூடை, உள்ளே ஒரு பழைய சாரன் துண்டு, மேலே ஒரு துணி போதும். கடைசியாக எப்போது மூத்திரம் போனது, என்ன தின்கிறது, சத்தி எடுத்ததா, ஏதும் மருந்து கொடுத்தீர்களா என்பவற்றுக்குப் பதில் தயாராக இருக்கட்டும். கொடுத்த மருந்தை மறைக்க வேண்டாம்.

நோயில்லை, ஆனாலும் பேசினுக்குப் போவதில்லை

வைத்தியர் பார்த்து நோயில்லை என்றால் அடுத்து வீட்டைப் பார்க்க வேண்டும். பூனை வன்மம் வைத்து மூத்திரம் பெய்வதில்லை. நீங்கள் ஏசியதற்குப் பழிவாங்க முசல்லாவைத் தேடிப் போகும் மூளை அதற்கு இல்லை. அது தேடுவது மென்மையான, உலர்ந்த, அமைதியான இடம். விரித்த முசல்லா, மடித்த உடுப்பு, பிள்ளையின் மெத்தை எல்லாம் அப்படிப்பட்டவை.

தோட்டத்துக்குப் போய்ப் பழகிய பூனை மாரி மழையில் மண் சகதியானதும் உள்ளே வரும். அயலில் புதிதாக நாயோ பெரிய கடுவனோ வந்திருந்தால் வெளியே போகப் பயப்படும். வீட்டில் புதுக் குழந்தை, கலியாண வீட்டுச் சனம், பெருநாளைக்குச் சுவரெல்லாம் பெயின்ட் வாசம், நோன்பு மாதத்தில் நடுச்சாமத்தில் எரியும் விளக்கும் சட்டிபானைச் சத்தமும் நமக்குச் சந்தோஷமானவை. பூனைக்கு அவை அதன் உலகம் தலைகீழான நாட்கள். அந்த நாட்களில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலையில் பேசினையும் தண்ணீரையும் படுக்கையையும் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. தீனி நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

அடித்தாலோ, மூக்கை மூத்திரத்தில் தேய்த்தாலோ பூனை படிக்கும் பாடம் ஒன்றுதான்: இந்த மனிதர் பார்க்கும்போது பெய்யக்கூடாது. அதன்பிறகு கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்குப் பின்னால் பெய்யும். பயம் கூடினால் அழற்சியும் கூடும்.

பேசின் எப்படி இருக்க வேண்டும்?

கடையில் விற்கும் பெட்டி கட்டாயமில்லை. பழைய பிளாஸ்டிக் பேசின் போதும். பூனை உள்ளே நின்று திரும்பக்கூடிய அளவு, அதாவது அதன் உடம்பின் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். கிழட்டுப் பூனைக்கும் குட்டிக்கும் ஒரு பக்க விளிம்பைத் தாழ வெட்டிவிடுங்கள். எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூடுதலாகப் பேசின் வைப்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. இரண்டு பூனைக்கு மூன்று பேசின். அதுவும் ஒரே வரிசையில் அல்ல, வெவ்வேறு இடங்களில்.

உள்ளே போட மெல்லிய, வாசமில்லாத மணலே பூனைக்குப் பிடித்தது. கடை மணல் விலை கூட என்றால் அரித்துக் காயவைத்த ஆற்று மணல் நல்லது. உமி, மரத்தூள், கிழித்த பத்திரிகைத் தாள் எல்லாம் பாவிக்கலாம். எதைப் பாவித்தாலும் திடீரென மாற்றாமல் பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள். இரண்டு மூன்று அங்குல ஆழம் போதும். தீனித் தட்டுக்குப் பக்கத்திலோ, சத்தம் போடும் வோஷிங் மெஷினுக்குப் பக்கத்திலோ வைக்கக்கூடாது.

மிக முக்கியமானது தினமும் அள்ளுவது. நாமே தண்ணீர் ஊற்றாத கழிப்பறைக்குள் போக மாட்டோம். பூனையின் மூக்கு நம் மூக்கைவிட எத்தனையோ மடங்கு கூர்மையானது. அள்ளும்போது மூத்திரம் பட்ட கட்டிகள் எத்தனை என்றும் பாருங்கள். பூனை வழமையாக ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு முறை பெய்யும். சின்னச் சின்னக் கட்டிகள் பலவானாலோ, ஒரு நாள் முழுக்க ஒன்றும் இல்லாவிட்டாலோ நோய் தொடங்கிவிட்டது. கிழமைக்கு ஒருமுறை முழு மணலையும் கொட்டிவிட்டுச் சாதாரண சவர்க்காரத்தால் கழுவுங்கள்.

கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும். டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரலாம். வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. மலம் வெளிவந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே அது தொற்றும் நிலையை அடைகிறது. எனவே தினமும் அள்ளும் வீட்டில் ஆபத்து குறைவு. பூனையை விரட்டத் தேவையில்லை. கையைக் கழுவினால் போதும். தோட்ட மண்ணைக் கிளறும்போதும் கையுறை போடுங்கள்.

சுத்தம் செய்யும் முறை

இந்த இடத்தில் பிக்ஹும் பூனையின் மூக்கும் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. நஜீஸின் நிறமும் மணமும் சுவையும் போகும்வரை கழுவ வேண்டும் என்கிறது ஷாபிஈ பிக்ஹ். பூனையும் மணம் மிச்சமிருக்கும் இடத்துக்கே திரும்ப வரும். ஆகவே முறையாகக் கழுவிய முசல்லா தொழவும் ஏற்றது. பூனை திரும்ப வரும் வாய்ப்பும் குறைவு.

முதலில் பழைய துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உள்ளே பரவும். பிறகு மேலிருந்து தண்ணீரை ஊற்றி ஓடவிடுங்கள். சின்ன வாளித் தண்ணீருக்குள் முசல்லாவை அமிழ்த்தினால் அந்தத் தண்ணீரே நஜீஸாகிவிடும் என்பது நமக்குத் தெரிந்த சட்டம்தான். அடுத்து நொதியம் கலந்த சலவைத் தூளை இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். மூத்திரத்தின் நெடியைத் தரும் பொருட்களை அது உடைக்கும். திரும்பத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். இவ்வளவு செய்தும் இலேசான வாடையோ கறையோ மட்டும் போகாவிட்டால் அது மன்னிக்கப்படும் என்றும் அதே பிக்ஹ் சொல்கிறது. தொழுது முடிந்ததும் முசல்லாவை மடித்து உயரத்தில் வைப்பது எல்லாவற்றிலும் எளிய பாதுகாப்பு.

டெட்டோல், பினைல், லைசோல் போன்றவற்றைப் பூனை நடக்கும் இடத்தில் பாவிக்க வேண்டாம். அவற்றில் உள்ள பீனோல் வகைப் பொருட்கள் காலில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போய் நஞ்சாகும். குளோரெக்ஸை மூத்திரத்தின் மேல் நேரடியாக ஊற்றினால் அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் வாயு வரும். அது நமக்கே ஆபத்து.

தண்ணீரும் தீனியும்

நோய் வராமல் தடுப்பதில் தண்ணீருக்கு முதலிடம். 4 கிலோ பூனைக்குத் தீனியில் உள்ளதையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லிலீற்றர் தேவை. ஒரு கோப்பைத் தண்ணீரை மூலையில் வைத்தால் அவ்வளவு குடிக்காது. அகலமான கோப்பைகளை இரண்டு மூன்று இடங்களில், தீனியிலிருந்து விலக்கி வைத்துத் தினமும் மாற்றுங்கள். உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்த மீனையோ கோழியையோ அந்தத் தண்ணீரோடு வையுங்கள். உலர் தீனி கொடுப்பவர்கள் அதை ஊறவைத்துக் கொடுக்கலாம். ஊறியதை நெடுநேரம் விடக்கூடாது. கருவாடும் மாசியும் பூனை விரும்பித் தின்னும், ஆனால் அவை உப்பு. வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் பூனையின் இரத்தத்தை உடைக்கும். கறி ஆணம் ஊற்றிய சோற்றில் இரண்டும் இருக்கும். கொழுத்து, அசையாமல் கிடக்கும் கடுவனுக்கு அடைப்பு வரும் வாய்ப்புக் கூட. கொஞ்சம் விளையாட்டுக் காட்டுங்கள்.

கருத்தடை பற்றிய கேள்வி

வாலை நிமிர்த்தி, நடுக்கி, நின்றபடியே சுவரிலும் கதவிலும் பீச்சுவது வேறு. அது நோயோ பேசின் கோளாறோ அல்ல, எல்லை குறிப்பது. விதை எடுத்தால் பத்துக் கடுவன்களில் ஏறக்குறைய ஒன்பதில் இது நின்றுவிடும் அல்லது பெரிதும் குறையும் என்று மிருக வைத்தியம் சொல்கிறது. ஆனால் "விதை எடுக்கலாமா?" என்பது நம் வீடுகளில் மார்க்கக் கேள்வியும் கூட. ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) உண்ணப்படாத பிராணிக்கு விதை எடுப்பதைத் தடுத்திருக்கிறார். ஹனபி மத்ஹப் பயன் இருந்தால் அனுமதிக்கிறது. பூனைகள் பெருகித் தொல்லையாகி, சத்திரசிகிச்சையால் அவற்றுக்குத் தீங்கும் வராது என்றால் செய்யலாம் என்று இக்கால அறிஞர்களில் ஷெய்கு இப்னு உதைமீன் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்கும்போது, பிறக்கும் குட்டிகளைச் சாக்கில் கட்டி விடுவதே நடைமுறையில் நடக்கும் மாற்று வழி என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். கருத்தடை செய்த கடுவனுக்கும் மூத்திர அடைப்பு வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மார்க்கட்டில் விடப்பட்ட பூனைக்குப் பழகிய தீனி இல்லை, ஒளிய இடமில்லை, மற்றக் கடுவன்களின் அடி மட்டும் இருக்கிறது. மூத்திரப்பை புண்ணாகி வந்ததென்றால் அங்கே இன்னும் புண்ணாகும். அடைபட்டிருந்தால் ஏதோ ஒரு கடைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். கழுவிய முசல்லா ஒரு வெயிலில் காய்ந்துவிடும். எனவே அடுத்த முறை அந்த ஈரத்தைக் கண்டால் தும்புத்தடியை எடுக்காமல் மூன்றைப் பாருங்கள்: மூத்திரம் தாராளமாகப் போகிறதா, அதில் சிவப்பு இருக்கிறதா, பூனை தின்கிறதா. போகாவிட்டால் இன்றைக்கே பெட்டியில் வைத்து வைத்தியரிடம் போங்கள். சிவந்திருந்தால், தின்னாவிட்டால் நாளைக்குள் காட்டுங்கள். மூன்றும் சரியென்றால் பேசினை அள்ளி, இடத்தை மாற்றி, ஒரு கிழமை பொறுத்துப் பாருங்கள்.